முறிக்க வேண்டிய ஓர் அம்பு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாங்கள் வசிப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். பல்லவர் காலத்து நரசிம்மர் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், இன்று ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரியும் சாலையின் தலைவாசலாக இருக்கிறது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், கம்பெனிப் பேருந்துகளுக்காகச் சீருடையும் அடையாள அட்டையுமாக ஆட்கள் காத்து நிற்பதைக் காணலாம். எங்களுள் ஒருவரும் அந்த வரிசையில் நிற்பவர்தான். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு வயது 13, இளையவனுக்கு 9.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஏனெனில் இதில் சொல்லப்போகும் தவறு இருவருக்கும் உரியது.

வில்லைத் தேடி வந்த மகள்

எங்கள் மகளுக்கு வில்வித்தையில் ஆசை வந்தது மக்தபில்தான். மேடையில் நின்று நபி (ஸல்) அவர்கள் எதிரிகளுக்கெதிராக இயன்ற பலத்தைத் திரட்டிக்கொள்ளுமாறு கூறும் இறைவசனத்தை ஓதி, அந்தப் பலம் அம்பெய்வதே என்று மும்முறை சொன்னதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் செய்தியை உஸ்தாத் ஒருநாள் விளக்கியிருக்கிறார். அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபியவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களின் மக்களே என்று அழைத்து, அவர்களின் தந்தையும் வில்லாளியாக இருந்தவர் என ஊக்கமளித்த நிகழ்ச்சியையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தா, பொம்பளப் புள்ளைங்க வில் விடலாமா?" என்பதுதான்.

ஈரானின் ஜஹ்ரா நெமாத்தியைப் பற்றி அவளுக்குச் சொன்னோம். விபத்தில் நடக்கும் திறனை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து, தலையை மூடிய உடையுடன் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2016 ரியோவில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் களம் கண்டவர். நம் மாநிலத்தில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களுள் மதுரையைச் சேர்ந்த ஷிஹான் ஹுசைனி முக்கியமானவர். திரைப்பட நடிகராகவும் கராத்தே ஆசானாகவுமே பலர் அவரை அறிவர். 2025 மார்ச் 25 அன்று அவர் மறைந்தபோது, அவரிடம் வில் பிடித்துப் பழகிய பிள்ளைகள் திரண்டு வந்து விடைகொடுத்தனர்.

ரயில் பாதைக்கு அப்பால் ஒரு சிறிய மைதானத்தில் பயிற்சி நடப்பதை அறிந்து சேர்த்தோம். முதல் ஆறு மாதங்கள் அங்கேயே இருந்த பொது அம்புகள். பிறகு, அவளுடைய வில்லின் இழுவிசைக்கும் கைநீளத்துக்கும் ஏற்ப ஆறு கார்பன் அம்புகள் வாங்கித் தரச் சொன்னார் மாஸ்டர். ஒன்றின் விலை, எங்கள் வீட்டின் பல நாள் காய்கறிச் செலவு. ரமளானுக்கு முந்தைய மாதம் வேறு. ஓவர்டைம் பணத்தில் வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், அவள் அவற்றைத் தலையணைக்கு அருகில் வைத்துத் தூங்கினாள்.

கார்பன் அம்பு என்பது என்ன?

நடந்ததைச் சொல்லுமுன், இந்தப் பொருளின் இயல்பைச் சொல்ல வேண்டும். தெரியாமல் போனதால்தான் நாங்கள் தவறினோம்.

மரத்தாலோ மூங்கிலாலோ ஆன அம்பு பிளந்தால் கண்ணுக்குத் தெரியும். அலுமினிய அம்பு அடிபட்டால் வளையும். தரையில் உருட்டினாலே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் அம்பு அப்படியன்று. தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள கார்பன் இழைகளைப் பசைப்பிசினில் தோய்த்து, குழாயாக இறுக்கிச் செய்கிறார்கள். இழை ஓடும் திசையில் அதற்கு அசாத்திய வலிமை. பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைவு. இலக்குச் சட்டத்தின் இரும்புக் காலிலோ, ஏற்கெனவே பாய்ந்திருக்கும் இன்னொரு அம்பின் மீதோ மோதினால், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். வெளியே வண்ணம் அப்படியே மின்னும். அம்பு வளையவும் செய்யாது. நேராகவே இருக்கும், உடையும் கணம்வரை.

உடையும் கணம் எப்போது வரும்? நாணை விடும்போது. அசையாமல் இருக்கும் அம்பைப் பின்னாலிருந்து நாண் திடீரெனத் தள்ளுகிறது. அம்பு பாம்புபோல் நெளிந்துதான் வில்லைக் கடக்கிறது. விரிசல் உள்ள குழாய் அந்த நெளிவைத் தாங்காமல் வெடித்தால், சிதறும் சிலாம்புகளுக்கு மிக அருகில் இருப்பது வில்லைப் பிடித்திருக்கும் கை.

இதனால்தான் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் அம்பைச் சோதிக்க வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். முதலில் கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பஞ்சுத் துண்டைக் குழாயின் மீது இழுத்தால், நுண்ணிய சிலாம்பு இருந்தால் பஞ்சு சிக்கும். பிறகு முனைக்கு அருகில் ஒரு கையும், நாணில் பொருந்தும் நாக் என்ற பிளாஸ்டிக் கொண்டைக்கு அருகில் ஒரு கையும் வைத்து, முகத்தையும் பக்கத்தில் நிற்பவர்களையும் விட்டு விலக்கி, ஓரிரு அங்குலம் வில்போல் வளைக்க வேண்டும். சற்றே உருட்டி மீண்டும் வளைக்க வேண்டும். இப்படி ஒரு முழுச் சுற்று. காதில் 'டிக்' என்ற ஒலி கேட்டாலோ, கையில் நறநறப்பு உணரப்பட்டாலோ அம்பின் கதை முடிந்தது. கடைசியாக, துணி பிழிவதுபோல் இருபுறமும் முறுக்கிப் பார்க்க வேண்டும். இளகிக் கொடுத்தால் அதுவும் கழிவே. நாக்கில் கீறல் இருந்தால் அதை மாற்றாமல் எய்யக்கூடாது. அது நழுவினால் வெறும் நாணை விட்டதற்குச் சமம், வில்லே உடையலாம்.

மாதக் கடைசியில் ஒரு 'டிக்'

ஒரு வியாழக்கிழமை மாலை. அம்பொன்று இலக்கைத் தவறிச் சட்டத்தில் மோதியதாகவும், மாஸ்டர் அன்று வராததால் வீட்டில் காட்டச் சொன்னதாகவும் கூறி மகள் அதை எடுத்து வந்தாள். "வளைச்சா லேசா டிக்குன்னு கேக்குது. ஒரு வாட்டிதான் கேட்டுச்சு. நீங்க பாருங்களேன்."

நாங்கள் இருவரும் பார்த்தோம். விளக்கொளியில் உருட்டினோம். கீறல் இல்லை. வளைத்தோம், எங்களுக்கு ஒலி கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்பதை அல்லாஹ் அறிவான். மாதக் கடைசி. ஆறில் ஒன்று போனால் இன்னொன்று வாங்க வேண்டும். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னோம். எங்களில் யார் முதலில் சொன்னார் என்பது இப்போது பொருட்டில்லை. மற்றவர் மறுக்கவில்லை.

சனிக்கிழமை அஸருக்குப் பின் அந்த அம்பு வெடித்தது. பெரிய சத்தமில்லை; காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் கறுப்புச் சிலாம்புகள் ஏறியிருந்தன. அவள் அழவில்லை. எங்களைப் பார்த்ததும்தான் அழுதாள்.

செங்கல்பட்டில் மருத்துவமனைக்குச் சென்றோம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. உடன் வந்த மாஸ்டர்தான் மருத்துவரிடம், "சார், இது கார்பன். எக்ஸ்ரேல தெரியாது" என்று சொன்னார். உலோகத் துணுக்கைப்போல் கார்பன் இழை எக்ஸ்ரேயில் நிழல் விழுத்துவதில்லை. ஸ்கேன் செய்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நரம்பில் படவில்லை. தையல் மூன்று. அல்லாஹ் பெருங்கருணை புரிந்தான்.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: கார்பன் சிலாம்பு ஏறினால் வீட்டில் ஊசியால் கிண்டாதீர்கள், பிதுக்காதீர்கள். நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவரிடம் சென்று, அது கார்பன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

சிவப்புப் பெட்டி

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஆலையில் எங்களில் ஒருவரின் வேலையே பாகங்களைச் சோதிப்பது. சந்தேகம் வந்த பாகத்தைத் தனியே எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். நல்லதென்று நிரூபணமாகும்வரை அது வண்டியில் ஏறக்கூடாது. "பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. முகம் தெரியாத ஒருவர் ஓட்டப்போகும் வண்டிக்காக எட்டு மணி நேரம் காட்டும் கவனத்தை, சொந்த மகளின் கைக்கு ஒரு நிமிடம் காட்டத் தவறினோம்.

மார்க்கம் இதைச் சொல்லித் தராமல் விட்டதா என்றால், இல்லை. வேட்டை பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டறிந்த சட்டங்களை மக்தபில் நாங்களே படித்திருக்கிறோம். அம்பு கூரிய பகுதியால் தைத்து வீழ்த்திய பிராணியை உண்ணலாம். பக்கவாட்டில் மோதி அடியால் இறந்ததை உண்ணலாகாது. எய்யப்பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால், கொன்றது அம்பா நீரா என்பது தெரியாததால் அதையும் விட்டுவிட வேண்டும். நம் வேட்டை நாயுடன் வேறு நாயும் கலந்து நின்றால், எது கொன்றதென்று அறியாததால் அதையும் விட வேண்டும். உழைத்து வேட்டையாடிய பொருள் கண்ணெதிரே கிடந்தாலும், ஐயம் வந்தால் விட்டுவிடு என்பதே இவற்றின் சாரம். ஐயம் தருவதை விட்டு ஐயமற்றதன் பக்கம் செல்லுமாறு ஹஸன் (ரலி) அவர்கள் தம் பாட்டனாரிடமிருந்து மனனமிட்ட பாடமும் அதுவே. உணவுத் தட்டில் நாம் பேணும் இந்தப் பேணுதல், உயிருக்கும் உடலுக்கும் பொருந்தாமல் போகுமா?

இங்கே ஒரு விளக்கம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். கருவி துப்பாக்கியானாலும் வில்லானாலும் ஒன்றே. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் வில்லோடு நுழைய எந்த இளைஞரும் நினைக்க வேண்டாம். சட்டம் அனுமதிக்கும் வெளிநாடுகளில் வாழும் சகோதரர்கள், கார்பன் அம்பு இறைச்சிக்குள் உடைந்தால் காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும்; அந்த இழைகளை விழுங்குவது தீங்கு. பழகுவதற்காக உயிருள்ள எதையும் இலக்காக நிறுத்துவதோ நபியவர்கள் கண்டித்துத் தடுத்த செயல். தெருநாயை நோக்கி விளையாட்டாக வில் பிடிக்கும் பிள்ளைக்கு இதை அன்றே சொல்லிவிட வேண்டும்.

முனையைப் பற்றிக்கொள்வோம்

அம்புகளோடு நம் பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடப்பவர், அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு முஸ்லிமுக்குக் கீறல்கூட ஏற்படலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அபூ மூஸா (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அம்பெய்யத் தூண்டிய அதே நாவுதான் அம்பை எப்படி ஏந்துவது என்பதையும் கற்றுத் தந்தது. விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டலாகாது என்றும் தடுத்தது. ஆயுதம் பிடிப்பவனின் முதல் ஒழுக்கம் குறி தவறாமை அன்று, பிறரின் பாதுகாப்பு.

இது வெறும் அச்சமன்று. 2017-இல் மேற்கு வங்கத்தின் போல்பூரில் பயிற்சியின்போது 14 வயதுச் சிறுமியின் கழுத்தில் அம்பு பாய்ந்தது. 2020 ஜனவரியில் அஸ்ஸாமின் சாபுவாவில் 12 வயதுச் சிறுமிக்குத் தோளருகே அம்பு தைத்து, விமானத்தில் டெல்லி எய்ம்ஸுக்குக் கொண்டுசென்று அறுவை சிகிச்சை செய்தார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது சில நடைமுறைகளை வைத்திருக்கிறோம். சர்வதேசப் போட்டிகளில் இரண்டு ஊதல் என்றால் எய்யும் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் அம்பெடுக்கச் செல்லலாம், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து, எல்லோரும் நிறுத்த வேண்டும். எங்கள் 9 வயது மகனுக்கும் இது மனப்பாடம். அவன் வேடிக்கை பார்க்க மட்டுமே வருபவன் என்றாலும். இலக்கை நோக்கி ஓடக்கூடாது. பலகையில் தைத்து நிற்கும் அம்பின் பின்முனை ஒரு சிறுவனின் கண் உயரத்தில் இருக்கும். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாருமில்லை என்று பார்த்து, ஒரு கையால் பலகையை அழுத்தி, மறுகையால் பலகைக்கு அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல்: முந்தானை தொங்கும் ஹிஜாப் நாணில் சிக்கும். நுனியை உள்ளே செருகி, மார்புக் காப்பு அணிவித்து, தளர்ந்த கைச்சட்டையைக் கைக்காப்பால் இறுக்கி அனுப்புங்கள். மறைப்பும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

அம்பின் நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் வீட்டுச் சமையலறையில் வெட்டாதீர்கள். குழாய் வெட்டும் கருவி கார்பனை நசுக்கிவிடும். அதற்கென உள்ள வேகமான சாணைச் சக்கரத்தால்தான் வெட்ட வேண்டும். முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். அந்தத் தூசி மூச்சுக்குழலையும் தோலையும் உறுத்தும், மின்சாரத்தைக் கடத்தும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. கை நீண்டால் நாணை இழுக்கும் தூரமும் நீளும். சென்ற ஆண்டு பொருந்திய அம்பு இந்த ஆண்டு குட்டையாகி, இழுக்கும்போது தாங்கியிலிருந்து நழுவிக் கைக்கு நேரே வந்து நிற்கும். வில்லின் இழுவிசையைக் கூட்டினாலும், அதற்கேற்ற விறைப்புள்ள அம்பு வேண்டும்.

மீதமிருந்த ஐந்து

கை ஆறிய பிறகு மகளை மீண்டும் அனுப்புவதா என்று நாங்கள் தயங்கினோம். அவள் தயங்கவில்லை. மாஸ்டர் அளந்து பார்த்து, அவளுக்குப் பழைய அம்புகள் குட்டையாகிவிட்டன என்றார். அதே வாரம், தம் மகனைப் புதிதாகச் சேர்த்திருந்த ஒரகடத்துச் சகோதரர் ஒருவர் மீதமிருந்த ஐந்தையும் விலைக்குக் கேட்டார். எங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. பார்வைக்கு அவை புதியவை.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வந்தது. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்தார்கள். கார்பன் அம்பின் ஈரமும் உள்ளேதான் இருக்கிறது.

அந்தச் சகோதரரை மைதானத்துக்கே அழைத்தோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் முன்னிலையில் ஐந்தையும் ஒவ்வொன்றாக வளைத்தோம். நான்கு அமைதியாக இருந்தன. ஐந்தாவது, மூன்றாம் சுற்றில் 'டிக்' என்றது. இம்முறை எங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இதை நீங்களே முறிச்சிடுங்க, பாய்" என்றார் மாஸ்டர். "விட்டா வேற யாராவது எடுத்து எய்வாங்க."

கனத்த சாக்குத் துணியில் சுற்றி, காலடியில் வைத்து முறித்தோம். முறிந்த இடத்தைப் பசைநாடாவால் சுற்றிக் குப்பையில் போட்டோம். நான்கு அம்புகளையும் அந்தப் பிள்ளையின் கைநீளத்துக்கு மாஸ்டர் சரிபார்த்துக் கொடுத்தார். சகோதரர் சொன்ன விலையில் பாதியைத்தான் வாங்க எங்கள் மனம் ஒப்பியது.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அன்னைக்கு உங்களுக்கு நெசமாவே சத்தம் கேக்கலையா?"

"தெரியலம்மா. ஆனா நீ கேட்டதைச் சொன்ன. நாங்க அதை நம்பியிருக்கணும். எங்கள மன்னிச்சிடு" என்றோம். மஃரிப் பாங்கு கேட்டது. அவள் எதுவும் சொல்லாமல், தழும்புள்ள இடக்கையால் எங்கள் விரலைப் பற்றிக்கொண்டு நடந்தாள்.

நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவர்கள் சிறிய குரலில் ஓர் ஐயத்தைச் சொல்லும்போது, மாதக் கடைசியை எண்ணாமல் செவிசாய்க்கும் மனத்தை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக. அவர்களின் கைகளையும் கண்களையும், அவர்களால் பிறருக்கு நேரக்கூடிய தீங்கிலிருந்து மற்றவர்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.